பால்கன் சுற்றுலாவில் எல்லையில் இறக்கிவிடப்பட்டது: பணத்தைத் திருப்பிக் கேட்டுப் புகார்

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்,
தஞ்சாவூர்.

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு,
சென்னை அலுவலகம்.

நாள்: 18.08.2025

பொருள்: மே மாத 12 நாள் பால்கன் குழுச் சுற்றுலா – தங்கள் விசாப் பிரிவின் தவறால் ஏழாம் நாள் எல்லையில் இறக்கிவிடப்பட்டது – பணம் திரும்பக் கோருதல் – தொடர்பாக.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். இது என் ஐந்தாவது கடிதம். முன் அனுப்பிய நான்கு மின்னஞ்சல்களுக்கும் பதிலாக நான்கு புகார் எண்கள் வந்தன. அப்புறம், "உங்கள் குறை தீர்க்கப்பட்டது, எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்?" என்று ஒரு குறுஞ்செய்தி. எந்தக் குறை, யார் தீர்த்தார்கள், எப்போது தீர்த்தார்கள் என்று அதில் ஒன்றும் இல்லை. ஆகவே இம்முறை ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். யாரோ ஒருவர் கையெழுத்துப் போட்டு வாங்கியே ஆக வேண்டும் அல்லவா?

சுற்றுலாவைப் பற்றி நான் தங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. "நான்கு நாடுகள், ஒரே மூச்சில்" என்று விளம்பரம் செய்து விற்றது தாங்கள்தான். ஸ்லோவேனியா, குரோஷியா, போஸ்னியா, மாண்டினீக்ரோ. ஸாக்ரெப்பில் இறங்கி துப்ரோவ்னிக்கில் விமானம் ஏற வேண்டும், இரண்டும் குரோஷியாவில். நானும் என் மனைவியும் பார்த்தது இரண்டே நாடுகள். காசு மட்டும் நான்குக்கும் கொடுத்திருக்கிறோம்.

மே 16, ஏழாம் நாள். குரோஷியாவின் ஸ்ப்லிட்டிலிருந்து போஸ்னியாவின் மோஸ்தாருக்குப் போகும் வழியில் நோவா செலா எல்லைச் சாவடி. எல்லாருடைய பாஸ்போர்ட்டையும் டூர் மேனேஜர் மொத்தமாகக் கொண்டுபோய்க் கொடுத்தார். கொஞ்ச நேரம் கழித்துக் குரோஷியப் போலீஸ்காரப் பெண் ஒருவர் எங்கள் இரண்டு பாஸ்போர்ட்டை மட்டும் தனியாக எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குள் வந்தார். வயது இருபத்தைந்து இருந்தால் அதிகம். விசாவில் 'நுழைவு எண்ணிக்கை' என்ற இடத்தை விரலால் தொட்டுக் காட்டினார். 01 என்று இருந்தது. "இங்கிருந்து வெளியே போனால் திரும்பி உள்ளே வர முடியாது, உங்கள் விமானம் எங்கிருந்து?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். துப்ரோவ்னிக் என்றேன். அவர் முகத்தில் தெரிந்த பரிதாபத்தில் பத்தில் ஒரு பங்குகூட இன்றுவரை தங்கள் அலுவலகத்தில் யார் முகத்திலும் நான் பார்க்கவில்லை. முத்திரை குத்துவதற்கு முன்பே சொல்லிக் காப்பாற்றினாரே, அந்தப் பிள்ளை நன்றாக இருக்கட்டும்.

மற்ற 22 பேருக்கும் 'மல்டிபிள்' விசா. எங்கள் இருவருக்கு மட்டும் ஒற்றை நுழைவு. தங்கள் டூர் மேனேஜர் யாருக்கோ இரண்டு முறை போன் செய்து பார்த்தார். பிறகு, "சார், 22 பேர் வெயிட் பண்றாங்க, மோஸ்தார்ல லோக்கல் கைடுக்கு டைம் ஆகுது" என்றார். எங்கள் இரண்டு பெட்டிகளும் சாலையோரத்தில் இறங்கின. பஸ் போய்விட்டது. என் மனைவிக்கு வயது 62, இரண்டு முழங்காலும் தேய்ந்தவர். பெட்டி மேல் உட்கார்ந்து அவர் அழுதது எனக்குத் தெரியும், அந்தப் போலீஸ்காரப் பெண்ணுக்குத் தெரியும். தங்களுக்குத் தெரிய வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

அங்கே அப்போது மதியம் 12.40, சென்னையில் மாலை 4.10. தங்கள் கையேட்டின் கடைசிப் பக்கத்தில் சிவப்பு எழுத்தில் போட்டிருக்கும் '24 மணி நேர அவசர உதவி' எண்ணுக்குக் கூப்பிட்டேன். ரோமிங்கில் 27 நிமிடம் வீணை வாசித்தார்கள். அப்புறம் ஒருவர் எடுத்தார். நான் எல்லாம் சொல்லி முடித்த பிறகு அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "வாத்தியார்னு சொல்றீங்க, பாஸ்போர்ட்டுல என்ன ஒட்டியிருக்குன்னு படிச்சுப் பாக்க மாட்டீங்களா சார்?"

31 வருடம் பாடம் நடத்தியவன் நான். என்னிடம் படித்தவர்கள் கலெக்டர் அலுவலகத்திலும் இருக்கிறார்கள், நீதிமன்றத்திலும் இருக்கிறார்கள். ஒருவர்கூட என்னிடம் இப்படிப் பேசியதில்லை. சரி, அவர் கேட்ட கேள்விக்கே வருகிறேன். விசா விண்ணப்பத்தை நிரப்பியது யார்? தங்கள் விசாப் பிரிவு. பென்சிலால் பெருக்கல் குறி போட்ட இடங்களில் கையெழுத்துப் போட்டது மட்டும்தான் என் வேலை. அதன் நகல் என்னிடம் இருக்கிறது. 'ஒற்றை நுழைவு' என்ற கட்டத்தில் டிக் அடித்திருக்கிறது. நாங்கள் கடைசியாகச் சேர்ந்தவர்கள் என்பதால் எங்கள் கோப்பு மட்டும் வேறொருவர் கைக்குப் போயிற்று என்று தங்கள் ஊழியர் ஒருவரே வாய் தவறிச் சொல்லிவிட்டார். விசா ஒட்டி வந்ததும் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து எனக்கு வாட்ஸப்பில் அனுப்பியதும் அதே பிரிவுதான். கீழே "விசா ஓகே சார், ஹேப்பி ஜர்னி" என்று ஒரு கட்டைவிரல். விசா மேசையில் தினமும் விசா பார்க்கிறவர் அந்த 01-ஐப் பார்த்துவிட்டு 'ஓகே' என்பாராம். முதல் தடவையாக வெளிநாடு போகிற வாத்தியார் அதைக் கண்டுபிடிக்க வேண்டுமாம்!

விசா கொடுப்பது தூதரகத்தின் முடிவு, நிறுவனம் பொறுப்பல்ல என்று மூன்றாம் பக்கத்தில் நட்சத்திரக் குறி போட்டிருப்பதாக ஜூன் மாத மின்னஞ்சலில் சொன்னீர்கள். தூதரகம் மறுத்திருந்தால் நான் வாயே திறந்திருக்க மாட்டேன். கேட்டதைத்தானே கொடுத்தார்கள்? ஒற்றை கேட்டால் ஒற்றைதான் வரும். குரோஷியா 2023 ஜனவரி 1 முதல் ஷெங்கனுக்குள், அதாவது ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டுக்குள், இருக்கிறது. போஸ்னியாவும் மாண்டினீக்ரோவும் வெளியே. ஸ்ப்லிட்டிலிருந்து மோஸ்தார் போனால் அது வெளியேறுவது. மாண்டினீக்ரோவிலிருந்து துப்ரோவ்னிக் வந்தால் அது இரண்டாம் நுழைவு. பத்தாம் வகுப்புப் பையனுக்கு வரைபடத்தில் காட்டினால் இரண்டு நிமிடத்தில் புரிந்துகொள்வான். இந்தப் பாதையைப் போட்டு விற்பவர்களுக்கே புரியவில்லை என்றால் நான் யாரிடம் போய்ச் சொல்வது?

அன்று எங்களைக் காப்பாற்றியது ஒரு பாலம். குரோஷியாவின் கடற்கரையை நேயும் என்ற ஊரை ஒட்டி போஸ்னியா நடுவில் புகுந்து துண்டாக்குகிறது. 2022 ஜூலையில் பெல்யெஷாத்ஸ் பாலம் திறந்ததால்தான் போஸ்னியா மண்ணை மிதிக்காமல் துப்ரோவ்னிக் போகச் சாலை உண்டு. இல்லாவிட்டால் எங்கேயாவது படகு தேடி அலைந்திருப்போம். இதையும் தங்கள் அவசர உதவி சொல்லவில்லை. டாக்ஸிக்காரர் சொன்னார். 220 யூரோ வாங்கிக்கொண்டார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை, கொண்டுபோய்ச் சேர்த்தார்.

துப்ரோவ்னிக்கில் நான்கு இரவு, தங்கும் வீட்டுக்கு 560 யூரோ. ஊர் முழுக்கப் படிக்கட்டு. என் மனைவி இரண்டு நாள் வாசலைத் தாண்டவில்லை. வீட்டுக்காரப் பாட்டி தினமும் காலையில் துருக்கிக் காபி போட்டுக் கொடுத்து, 1991-இல் ஊரை முற்றுகையிட்டுக் குண்டு போட்டபோது தண்ணீரும் மின்சாரமும் இல்லாமல் இருந்ததைப் பேத்தியின் மொழிபெயர்ப்பில் சொன்னார். அதை நான் மறக்க மாட்டேன்; ஆனால் அது தங்கள் தொகுப்பில் வந்ததல்ல, அதற்காகத் தங்களுக்கு நன்றி சொல்லவும் மாட்டேன்.

எங்களுக்கு எது போயிற்று என்று தங்களுக்குத் தெரிய வேண்டும். வருடா வருடம் பத்தாம் வகுப்பில் முதல் உலகப் போரை ஆரம்பிக்கும்போது கரும்பலகையில் '1914 ஜூன் 28, சரயேவோ' என்று எழுதித்தான் ஆரம்பிப்பேன். அந்த ஊர் போஸ்னியாவில்தான் இருக்கிறது: மிலியாட்ஸ்கா ஆறு, லத்தீன் பாலம், அந்தத் தெருமுனை. அங்கே ஐந்து நிமிடம் நிற்க வேண்டும் என்பதற்காகத்தான் இந்தச் சுற்றுலாவையே எடுத்தேன். மகன் சுவிட்சர்லாந்து போகச் சொன்னான். பனியைப் பார்த்து நான் என்ன செய்யப் போகிறேன் என்று மறுத்துவிட்டேன். 1566-இல் கட்டி, 1993-இல் பீரங்கியால் உடைத்து, 2004-இல் மறுபடி எழுப்பிய மோஸ்தார் பாலத்தையும் பார்க்கவில்லை. அதையாவது பொறுத்துக்கொள்வேன். சரயேவோவை இனி இந்த ஜென்மத்தில் பார்க்கப் போவதில்லை. அந்த நஷ்டத்துக்கு நீங்கள் கோடி கொடுத்தாலும் ஈடாகாது.

அந்தத் தெருமுனையில் என்ன நடந்தது என்று தங்கள் விசாப் பிரிவுக்கு யாராவது சொல்லுங்கள். காலையில் வீசிய குண்டிலிருந்து ஆஸ்திரிய இளவரசர் பெர்டினாண்ட் தப்பிவிட்டார். காயம்பட்டவர்களைப் பார்க்க மருத்துவமனைக்குப் போகலாம் என்று வழியை மாற்றினார்கள். மாற்றியதைக் கார் ஓட்டுநரிடம் சொல்லவில்லை. அவர் பழைய வழியிலேயே திரும்பினார், தவறு தெரிந்து காரை நிறுத்தினார், நிறுத்திய இடத்தில் துப்பாக்கியோடு நின்றுகொண்டிருந்தான் 19 வயதுப் பிரின்சிப்; அவன் இளவரசரைச் சுட்டதில்தான் போர் மூண்டது. ஒரே அலுவலகத்தில் பாதை போடுகிறவர் விசா எழுதுகிறவரிடம் ஒரு வார்த்தை சொல்லாதபோது எனக்கு அந்தக் கார்தான் ஞாபகம் வந்தது.

ஊர் திரும்பியதும் ஜூன் 23 காலை 11 மணிக்கு நேரில் வரச் சொன்னார்கள். உழவன் எக்ஸ்பிரஸில் இரவெல்லாம் உட்கார்ந்து எழும்பூரில் இறங்கி, கழிப்பறையில் சட்டை மாற்றிக்கொண்டு 10.30-க்கே வந்துவிட்டேன். எங்கள் கோப்பைப் பார்ப்பவர் அன்று விடுப்பு. வேறு யாரிடமும் சாவி இல்லையாம், கணினிக்கும் சாவி உண்டு என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். மாலை 4 மணி வரை வரவேற்பறையில் உட்கார்ந்திருந்தேன். ஒரு தம்பி தண்ணீர் கொடுத்தார், கூடவே ஒரு ஜப்பான் சுற்றுலா விளம்பரத் தாளும். "செர்ரி சீசன் சார், இப்பவே புக் பண்ணா ஆஃபர்" என்றார். பாவம், அவர் வேலை அது. அந்தத் தாளைப் பத்திரமாக வைத்திருக்கிறேன், இணைப்பு 6.

சுற்றுலாவின் முதல் வாரத்திலும் குறை இல்லாமல் இல்லை. தினமும் இந்தியச் சாப்பாடு என்றீர்கள், ஆறு நாளில் இரண்டு நாள் ஆறிப்போன ராஜ்மா டப்பா. ப்லிட்விட்ஸேயில் 16 ஏரி என்று படித்துவிட்டுப் போனோம். ஒரு மணி நேரம் இருபது நிமிடத்தில் பஸ்ஸுக்கு வரச் சொல்லிவிட்டார்கள், நாலைந்து ஏரி பார்த்திருப்போம். ப்ளெட் ஏரி அருமை, அதில் குறை சொல்ல மாட்டேன். இதையெல்லாம் தனியாகக் கேட்கப்போவதில்லை.

தாங்கள் தர முன்வந்தது ஆளுக்கு ரூ.15,000 கூப்பன், அடுத்த சுற்றுலாவில் கழித்துக்கொள்ளலாம், ஆறு மாதத்துக்குள். இதைவிட அந்த ராஜ்மா டப்பா மரியாதையானது.

நான் கேட்பது: இருவருக்கும் கட்டிய ரூ.6,90,000 முழுவதும். எல்லையிலிருந்து நாங்கள் கைக்காசில் செலவழித்த 910 யூரோ. டாக்ஸி, தங்குமிடம், சாப்பாடு எல்லாவற்றுக்கும் ரசீது இணைத்திருக்கிறேன். மன உளைச்சலுக்கு ரூ.5,00,000, என் மனைவியின் ரத்த அழுத்தம் மே 16-லிருந்து ஒரு நாள்கூடச் சரியாக இல்லை. சுற்றுலாக் கட்டணத்தோடு அரசுக்காக என்னிடம் பிடித்த டிசிஎஸ் வரிக்கான 27டி சான்றிதழையும் இன்னும் அனுப்பவில்லை, அது இல்லாமல் வருமான வரிக் கணக்கை முடிக்க முடியாமல் இருக்கிறேன். பணத்தைக் கொடுக்க யோசனை தேவைப்படலாம், ஒரு சான்றிதழை அச்செடுத்து அனுப்பவுமா?

பெரிய நிறுவனம், ஆயிரம் வேலை இருக்கும், எனக்குப் புரிகிறது. பள்ளிக்கூடத்திலும் தவறு நடக்கும், கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசினால் பெற்றோர் சமாதானமாகிவிடுவார்கள். நீதிமன்றம் ஏறுகிற ஆசை எனக்கு இல்லை. இந்தக் கடிதம் கிடைத்த 15 நாளுக்குள் பொறுப்பான ஒருவர் பேசினால் நானும் இறங்கிப் பேசத் தயார்.

பேசாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் புகார், அதற்கு அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம் என்று என் பழைய மாணவர், வழக்கறிஞர், சொல்லிவிட்டார். அப்போது நான் சென்னைக்கு வர வேண்டியதில்லை, தாங்கள்தான் தஞ்சாவூருக்கு வர வேண்டும். உழவன் எக்ஸ்பிரஸ் இரவில் கிளம்பும், காலையில் கொண்டுவந்து விட்டுவிடும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள வாடிக்கையாளர்

பி.கு.: "இந்த உரையாடல் பயிற்சிக்காகப் பதிவு செய்யப்படுகிறது" என்று மே 16 அன்று வீணைக்கு முன்னால் அறிவித்தீர்கள். அந்தப் பதிவை அழிக்க வேண்டாம். ஆணையத்தில் அதை எல்லாரும் ஒரு முறை கேட்க வேண்டும்.