மாட்டுத்தாவணி பூ மார்க்கெட் அக்காவுக்கு

கேமரா வாங்கி மூணு வருஷம். தெரியாதவர்களிடம் போய் "ஒரு போட்டோ எடுத்துக்கலாமா?" என்று கேட்க மட்டும் வாய் வராது. தூரத்தில் இருப்பதைக் கிட்டத்தில் காட்டும் 200 எம்எம் லென்ஸை மாட்டிக்கொண்டு தூண் மறைவிலிருந்து எடுப்பேன். திருட்டுத்தனம் மாதிரிதான் இருக்கும், படமும் அப்படியே வரும்.

போன மாதம் ஒரு விடியற்காலை. மல்லிகை மூட்டைகளுக்கு நடுவே, ஆள் பக்கத்தில் போய் எடுக்கவேண்டிய 50 எம்எம் லென்ஸோடு அரைமணி நேரமாகச் சுற்றிக்கொண்டிருந்தேன், ஒரு படம்கூட எடுக்காமல். நீங்கள் பூவை நிறுத்துக்கொண்டே, "என்ன தம்பி, பூவும் வாங்கல, படமும் எடுக்கல?" என்றீர்கள். நான் அசடு வழிந்தேன். தராசைக் கீழே வைத்துவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்து, "எடு" என்று நேராகப் பார்த்தீர்கள். கை நடுங்கியதில் முதல் இரண்டு படமும் கலங்கிவிட்டன. நீங்கள் அசையவே இல்லை.

அதோடு விடவில்லையே! பக்கத்துக் கடைத் தாத்தாவிடம் என்னைத் தள்ளிவிட்டு, "நான் கேக்க மாட்டேன், நீயே கேளு" என்றீர்கள். கேட்டேன். அவர் மீசையை முறுக்கிக்கொண்டு நின்றார். அப்புறம் சுமை தூக்கும் அண்ணன், கதம்பம் கட்டும் பாட்டி என்று ஏழு பேர். ஒருவர் மட்டும் வேண்டாம் என்றார், சரி என்று நகர்ந்தேன். அவ்வளவுதான் விஷயம்.

அக்கா, உங்கள் பெயரைக் கேட்க மறந்துவிட்டேன். படத்தை பிரிண்ட் போட்டு இரண்டு முறை கொண்டுவந்தேன், உங்கள் இடத்தில் வேறு ஆள். தாத்தாவிடம் கொடுத்து வைத்திருக்கிறேன், வாங்கிக்கொள்ளுங்கள்.