குறைவுள்ள வீட்டில் காணிக்கைக் குறைவா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

ஸ்தோத்திரம். சென்ற மாத இதழில் தசமபாகத்தை, அதாவது வருமானத்தில் பத்தில் ஒன்றைக் காணிக்கையாகக் கொடுப்பதைப் பற்றி வந்த கட்டுரையை நான் எனக்குள் வாசித்திருந்தால் இந்தக் கடிதத்தை எழுதியிருக்க மாட்டேன். பக்கத்து வீட்டு அக்காவுக்குச் சத்தமாக வாசித்துக் காட்டினேன். அவர்கள் பீடித் தட்டை மடியில் வைத்துச் சுற்றிக்கொண்டே கேட்பார்கள். பல வருடமாக உங்கள் பத்திரிகை எங்கள் இருவருக்கும் இப்படித்தான்.

ஒரு வீட்டில் குறைவு தீராமல் இருந்தால் அந்த வீட்டுக் காணிக்கையில் குறைவு இருக்கிறது என்று அறியலாம் என்ற வரி வந்தது. அவர்கள் கை நின்றுவிட்டது. "டீச்சர், கொரோனா வருஷத்துல கடையில இலையும் தூளும் தரல, நானும் காணிக்கை போடல. அதனாலதான் மகனுக்கு இன்னும் ஒரு வேலையும் அமையலையோ?" என்று கேட்டார்கள். எனக்குப் பதில் வரவில்லை. அந்த வரியை வாசித்த வாய் என்னுடையது.

அவர்கள் விதவை. ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. கடையில் கழிவு என்று தள்ளியது போக மிச்சம்தான் கைக்கு வரும். அதிலும் ஞாயிறு காணிக்கையைச் சேலை முந்தியில் முடிந்துகொண்டு ஆலயத்துக்கு வருவார்கள்.

கட்டுரையாளர் மல்கியா 3:10-ஐ எடுத்துக்காட்டியிருக்கிறார். தசமபாகத்தைக் கொண்டுவந்தால் வானத்தின் பலகணிகளைத் திறந்து ஆசீர்வாதத்தைப் பொழிவேன் என்ற அந்த வசனம் நம் எல்லோருக்கும் மனப்பாடம். அதே அதிகாரத்தில் ஐந்து வசனம் முன்னால், கூலிக்காரரின் கூலியை அபகரிக்கிறவர்களுக்கும் விதவைகளுக்கு அநியாயம் செய்கிறவர்களுக்கும் விரோதமாகக் கர்த்தர் சாட்சி நிற்கிறாரே, அதை ஏன் விட்டார்? உபாகமம் 14-ஆம் அதிகாரத்தின் கடைசி இரண்டு வசனங்களும் உங்களுக்குத் தெரியும். மூன்றாம் வருஷத்துத் தசமபாகத்தை, சொந்த நிலம் இல்லாத லேவியனும் பரதேசியும் திக்கற்ற பிள்ளையும் விதவையும் வந்து புசித்துத் திருப்தியடைய வேண்டும். தசமபாகம் போய்ச் சேரவேண்டிய வீடு அந்த அக்காவின் வீடு. வேதம் கற்ற உங்களுக்கு நான் இதை எழுதவேண்டியிருப்பது வருத்தமாக இருக்கிறது.

மூன்றாம் யோவானின் இரண்டாம் வசனத்தையும் செல்வத்துக்கான வாக்குத்தத்தமாகப் போட்டிருக்கிறீர்கள். அது காயு என்ற விசுவாசிக்கு எழுதிய கடிதத்தின் நலம் விசாரிப்பு. பவுல் பசியிலும் தாகத்திலும் குளிரிலும் கிடந்ததாகக் கொரிந்தியருக்கு எழுதுகிறார். அவருடைய காணிக்கையில் குறை சொல்ல நமக்குத் துணிவு உண்டா? "மனரம்மியமாயிருக்கக் கற்றுக்கொண்டேன்" என்று அவர் பிலிப்பியருக்கு எழுதியபோது காவலில் இருந்தார்.

இந்தப் பேச்சு எனக்குப் புதிதல்ல. என் கணவருக்குச் சிறுநீரகம் பழுதாகி வாரம் இரண்டு முறை டயாலிசிஸ் செய்த காலத்தில், ஜெபிக்க வந்த ஒரு பிரசங்கியார் கட்டில் பக்கத்தில் நின்று, "காணிக்கை ஒழுங்காகக் கொடுக்கிறீர்களா?" என்று கேட்டார். முதல் சம்பளத்திலிருந்து பத்தில் ஒன்றை எடுத்து வைக்காமல் ஒரு மாதம்கூட நாங்கள் செலவைத் தொடங்கியதில்லை. என் கணவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அந்த முகம் இன்றும் என் கண்ணில் நிற்கிறது. அதற்கு முன்னால், வைத்தியத்துக்கு நகை போனதும் வயல் போனதும் எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

அறுப்பின் பண்டிகையில் காணிக்கையாக வரும் காய்கறிகளை ஏலம் விடுவதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு புடலங்காயை ஆயிரக்கணக்கில் எடுத்தவர் பெயரை மைக்கில் மூன்று தடவை சொல்லிச் சால்வை போடுகிறோம். அதே மேசையில் நாலு முட்டை கொண்டுவந்து வைத்தவளின் பெயர் யாருக்கும் தெரியாது. இதைப் பற்றி முன்பே உங்களுக்கு எழுதினேன், நீங்கள் வெளியிடவில்லை.

என் அம்மா சோறு பொங்கும்போதெல்லாம் காணிக்கைக்கென்று ஒரு பிடி அரிசியைத் தனிப் பானையில் போடுவாள். பஞ்சகாலத்திலும் அந்தப் பிடி நின்றதில்லை. சில நாள் எங்களுக்குக் கஞ்சிதான். 1903-இல் நம் திருநெல்வேலியார் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கி, ஹைதராபாத் நிஜாம் சீமையிலிருந்த தோர்ணக்கல் பக்கத்துக்கு ஊழியர்களை அனுப்பினார்கள். வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியா 1912-இல் அங்கே பேராயரானார். அனுப்பிய திருநெல்வேலிச் சபைகள் பனையேறிகளும் சிறு விவசாயிகளும் நிறைந்தவை. கொடுத்ததால் அவர்கள் பணக்காரர் ஆனதாக நான் எங்கும் கேள்விப்பட்டதில்லை.

இன்று எனக்கு ஓய்வூதியம் வருகிறது, மகன் வளைகுடாவிலிருந்து அனுப்புகிறான், வீட்டுக்கு மேல்மாடி கட்டியாகிவிட்டது. போனவருடம் அந்த அக்கா பேத்தியின் கல்லூரிக் கட்டணத்துக்கு ஐயாயிரம் கேட்டபோது, வைப்புத்தொகையை உடைத்தால் வட்டி போகுமே என்று இரண்டு நாள் யோசித்தேன். கொடுத்தேன், ஆனால் யோசித்தேன். ஒன்றும் இல்லாத நாளில் என் அம்மா பானையில் போட்ட அந்தப் பிடிக்கு அப்படி ஒரு யோசனை இருந்ததில்லை. உங்கள் கட்டுரை எச்சரிக்கவேண்டியது என்னைப்போன்றவர்களை. "போதுமென்கிற மனதுடனேகூடிய தேவபக்தியே மிகுந்த ஆதாயம்" என்று 1 தீமோத்தேயு 6:6 சொல்வதைப் பீடித் தட்டின் முன்னால் இருப்பவருக்கு மட்டும் பிரசங்கிக்க முடியாது. அதே அதிகாரத்தின் 17-ஆம் வசனம் ஐசுவரியவான்களுக்குத்தான் கட்டளையிடுகிறது.

நான் கேட்பது ஒன்றுதான். கடைசிப் பக்கத்துக் காணிக்கைப் பட்டியலில் தொகையை எடுத்துவிட்டுப் பெயர்களை மட்டும் அகர வரிசையில் போடுங்கள். இருபது ரூபாய் கொடுத்தவர் பெயர் எப்போதும் அடியில் கிடக்க வேண்டாம். இடமிருந்தால் உபாகமம் 14:28, 29-ஐயும் அதே பக்கத்தில் அச்சிடுங்கள்.

எனக்கும் அந்த அக்காவுக்கும் சேர்த்து இந்த வருடச் சந்தாவை மணியார்டரில் அனுப்பியிருக்கிறேன். அடுத்த இதழையும் அவர்களுக்கு நான்தான் வாசித்துக்காட்ட வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
ஆலங்குளம் வட்டாரம்