ஆரியங்காவு மலையில் லாரியை நிறுத்திய அண்ணாச்சிக்கு

பைக்கில் உலகம் சுற்றி வந்த கதையை எல்லாரும் கேட்கிறீர்கள், மெதுவாக எழுதுகிறேன், அதற்கு முன்னால் ஒருவருக்கு நன்றி சொல்லியாக வேண்டும்.

அலாஸ்காவிலிருந்து அர்ஜென்டினா வரை போகிற பான் அமெரிக்கன் நெடுஞ்சாலை, பனாமாவுக்கும் கொலம்பியாவுக்கும் நடுவே டேரியன் காட்டில் ஏறக்குறைய 100 கிலோமீட்டருக்கு இல்லவே இல்லை. வண்டியைக் கன்டெய்னரில் ஏற்றிக் கடல் வழியாகத்தான் அனுப்பினேன். அங்கெல்லாம் படாத பாட்டை வீட்டுக்குப் பக்கத்தில் வந்து பட்டேன்.

கொச்சித் துறைமுகத்தில் வண்டியை எடுத்து, புனலூர், தென்மலை வழியாக வந்து, கழுதுருட்டி பதிமூணு கண் பாலம் தாண்டி ஏற்றத்தில் செயின் அறுந்துவிட்டது. ராத்திரி, நல்ல மழை, போனில் சிக்னலும் இல்லை.

கொல்லத்தில் காய்கறி இறக்கிவிட்டுக் காலியாக வந்த லாரிக்காரர் தானாகவே நிறுத்தினார். “என்ன தம்பி, நம்ம ஊரு நம்பரா இருக்கு?” அவ்வளவுதான் கேட்டார். அப்புறம் அவரும் கிளீனர் பையனும் பலகை போட்டு வண்டியைத் தள்ளி ஏற்றி, சாயாமல் இருக்க இரண்டு பக்கமும் தக்காளிப் பெட்டிகளை முட்டுக் கொடுத்து, கயிற்றை இழுத்துக் கட்டி, முடிச்சைத் திரும்பத் திரும்ப ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் லாரியை எடுத்தார்.

புளியரை செக்போஸ்ட் தாண்டி செங்கோட்டையில் வீட்டு வாசலில் இறக்கினார். பணம் கொடுத்தேன், கையை மடக்கிவிட்டார். பேரும் சொல்லவில்லை. எத்தனையோ நாடுகளில் நல்ல மனிதர்களைப் பார்த்தேன், இவர் அவர்கள் யாருக்கும் குறைந்தவர் இல்லை.

அண்ணாச்சி, ரொம்ப நன்றி. வீடு தெரியும்தானே, அடுத்த லோடுக்கு இந்தப் பக்கம் வரும்போது கிளீனர் தம்பியையும் கூட்டிக்கொண்டு சாப்பிட வாங்க.