1966-ஐயும் சொல்லுங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். கைக்குழந்தைகளின் மூச்சுக்குழாயையும் நுரையீரலையும் தாக்கும் ஆர்.எஸ்.வி. என்ற வைரஸுக்கான தடுப்பூசி பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். 2023-இல் அமெரிக்கா அனுமதி கொடுத்ததிலிருந்துதான் கட்டுரை தொடங்குகிறது. அதற்கு முன்னால் நடந்ததைச் சொல்லாமல் விட்டது எனக்குப் பெரிய குறையாகப் பட்டது. குழந்தைகள் வார்டில் 26 ஆண்டு வேலை பார்த்தவள் நான்.

மழைக்காலம் வந்தால் எங்கள் வார்டு நிரம்பிவிடும். இரண்டு மாதக் குழந்தையைத் துணியில் சுற்றித் தூக்கி வருவார்கள். "சளிதான் சிஸ்டர், நேத்துலேர்ந்து பால் குடிக்க மாட்டேங்குது" என்பாள் தாய். துணியை விலக்கினால், ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்புகளுக்கு நடுவே பள்ளம் விழும், மூக்கு விடைக்கும். ஆக்சிஜன் குழாயைக் கன்னத்தில் பிளாஸ்திரி போட்டு ஒட்டுவோம், சளியை உறிஞ்சி எடுப்போம். ஆன்டிபயாடிக் எந்த வைரஸையும் தொடாது. விடிய விடிய உட்கார்ந்து மூச்சை எண்ணுவோம்.

1966-இல் அமெரிக்காவில், இந்த வைரஸை ஃபார்மலின் என்ற ரசாயனத்தில் செயலிழக்க வைத்துச் செய்த ஊசியைக் குழந்தைகளுக்குப் போட்டுப் பார்த்தார்கள். பிறகு வைரஸ் தொற்றியபோது, ஊசி போட்டுக்கொண்ட குழந்தைகளில் 80 சதவீதம் பேரை ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியதாயிற்று. அந்த ஊசி போடாதவர்களில் 5 சதவீதம்தான். இரண்டு குழந்தைகள் இறந்தே போயின. அதன் பிறகு பல பத்தாண்டுகள் இந்தத் தடுப்பூசி ஆராய்ச்சி முடங்கிக் கிடந்தது.

தவறு எங்கே என்பது 2013-இல்தான் தெளிவாயிற்று. வைரஸின் மேலிருக்கும் 'எஃப்' புரதம், செல்லோடு ஒட்டுவதற்கு முன் ஒரு வடிவத்தில் இருக்கும். ஒட்டியபின் காற்றில் மடங்கிய குடை மாதிரி வேறு வடிவமாகிவிடும். பழைய ஊசி உடலுக்குக் காட்டியது பெரும்பாலும் மடங்கிய குடையை. அதைப் பார்த்து உடல் உருவாக்கிய எதிர்ப்பொருளால் (ஆன்டிபாடி) வைரஸைத் தடுக்க முடியவில்லை. மெக்லெல்லன், கிரஹாம், குவாங் ஆகிய விஞ்ஞானிகள் அடங்கிய அமெரிக்கக் குழு முதல் வடிவத்தை மாறாமல் பிடித்து நிறுத்தியது. இன்றைய தடுப்பூசிகளெல்லாம் அதன்மேல் எழுந்தவை.

இப்போது ஊசி கர்ப்பிணித் தாய்க்கு. எதிர்ப்பொருள் தொப்புள்கொடி வழியே பிள்ளைக்குப் போய்விடுகிறது. பிறந்தபின் போட்டு எதிர்ப்பு வளரும்வரை காத்திருக்க இரண்டு மாதப் பிள்ளைக்கு நேரமேது? பெரிய சோதனையில், பிறந்த 90 நாளுக்குள் வரும் கடுமையான நோயை இது சுமார் 82 சதவீதம் தடுத்தது. வேறொரு நிறுவனத்தின் ஊசியில் குறைமாதப் பிரசவம் கூடுவது தெரிந்ததும், 2022-இல் கர்ப்பிணிகளிடம் அந்தச் சோதனையையே நிறுத்தினார்கள். அமெரிக்காவில் 32 முதல் 36 வாரத்துக்குள் மட்டும் போடச் சொல்வதும் அந்த எச்சரிக்கையால்தான். இதையெல்லாம் நாம் முதலில் சொல்லாவிட்டால், நாளைக்கு வாட்ஸ்அப்பில் யாரோ பாதியை மட்டும் சொல்லிப் பயமுறுத்துவார்கள்.

2019-இல் உலகில் ஐந்து வயதுக்குட்பட்ட சுமார் ஒரு லட்சம் குழந்தைகள் இந்த வைரஸால் இறந்ததாக மதிப்பிட்டிருக்கிறார்கள். நூற்றுக்கு 97 சாவு நம்மைப் போன்ற ஏழை, நடுத்தர வருமான நாடுகளில். எல்லா நாடுகளும் இந்தப் பாதுகாப்பைக் கொண்டுவர வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2025-இல் சொல்லிவிட்டது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் டிடி ஊசி போடும் அதே மேசையில் இதையும் இலவசமாகப் போடலாம். கர்ப்பிணிகள் எப்படியும் அங்கே வருகிறார்கள். அரசின் அட்டவணையில் எப்போது சேரும், என்ன விலைக்கு வாங்க முடியும் என்று அதிகாரிகளிடம் கேட்டு உங்கள் இதழில் எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர்,
தஞ்சாவூர்.