பொலிஸ் சான்றிதழும் ஓய்வுநாட் பாடசாலையும்

கிளிநொச்சி

அன்பு மகளுக்கு,

கர்த்தருடைய கிருபையால் இங்கே எல்லோரும் சுகம். சிறுபோகத்துக்கு இரணைமடுக் குளத்துத் தண்ணீர் திறந்துவிட்டதால் அப்பா பொழுதெல்லாம் வயலில்தான் நிற்கிறார்.

உன் குரற்பதிவைக் கேட்டேன். ரொறன்ரோவில் உங்கள் சபையார் உன்னை ஞாயிறுதோறும் பிள்ளைகளுக்கு வேதம் சொல்லிக்கொடுக்கும் ஓய்வுநாட் பாடசாலையில் படிப்பிக்கக் கேட்டது எனக்கு மிகுந்த சந்தோஷம். ஆனால் குற்றப் பதிவு எதுவும் இல்லை என்ற பொலிஸ் சான்றிதழ் எடுத்துத் தரவேண்டும், எந்தப் பிள்ளையோடும் தனியே அறையில் இருக்கக் கூடாது என்றெல்லாம் சொன்னதில் நீ மனம் நொந்துபோயிருக்கிறாய். "கோயிலுக்குள்ளேயே என்னைச் சந்தேகிக்கிறார்களே அம்மா" என்று கேட்டிருந்தாய். தொலைபேசியில் அவசரமாகச் சொல்லிவிடக்கூடிய பதில் இதற்கு இல்லை என்பதால் எழுதுகிறேன்.

மாற்கு 10ஆம் அதிகாரத்தை எடுத்துப் பார். பிள்ளைகளைக் கொண்டுவந்தவர்களை அதட்டியவர்கள் பரிசேயரோ உரோமப் போர்ச்சேவகரோ அல்லர். ஆண்டவரோடு கூடவே நடந்து, அவர் களைப்பை அறிந்து, அவருக்கு உதவி செய்வதாக எண்ணிய சீஷர்களே அதைச் செய்தார்கள். இயேசு விசனமடைந்தார் என்று வேதம் வெளிப்படையாகச் சொல்கிறது. "சிறு பிள்ளைகள் என்னிடத்தில் வருகிறதற்கு இடங்கொடுங்கள், அவர்களைத் தடைபண்ணாதிருங்கள்" என்ற கட்டளை சபைக்கு வெளியே இருந்தவர்களுக்கன்று, உள்ளே இருந்தவர்களுக்கே கொடுக்கப்பட்டது. மத்தேயு 18இல் சிறியரில் ஒருவனுக்கு இடறல் உண்டாக்குகிறவனைப் பற்றிப் பேசும்போது, அவன் கழுத்தில் மா அரைக்கும் ஏந்திரக்கல்லைக் கட்டிக் கடலில் அமிழ்த்துவது அவனுக்கு நலம் என்கிறார். அவ்வளவு கடுமையான வார்த்தையை அவர் வேறு எத்தனை இடங்களில் பேசினார் என்று யோசித்துப் பார்.

அக்காலத்து உரோம உலகில், பிறந்த குழந்தையை வேண்டாமென்று தகப்பன் வெளியே போட்டுவிடலாம். பெண் குழந்தைகளும் ஊனத்தோடு பிறந்தவர்களும் அப்படியே போனார்கள். ஆதித் திருச்சபை தன் முதல் நூற்றாண்டுகளிலேயே அதைப் பாவமென்று போதித்தது, கி.பி. 374இல் குழந்தைக் கொலை பேரரசின் சட்டத்திலும் தண்டனைக்குரிய குற்றமாயிற்று. பிற்காலத்தில், வாரநாட்களில் தொழிற்சாலையில் வேலை செய்த ஏழைப் பிள்ளைகளுக்கு ஞாயிற்றுக்கிழமையிலாவது எழுத்தறிவு கிடைக்கவேண்டுமென்று 1780இல் இங்கிலாந்தின் குளொஸ்டரில் ரொபர்ட் ரைக்ஸ் பள்ளி தொடங்கினார். நீ படிப்பிக்கப்போகும் பாடசாலை அந்த வழியில் வந்தது. நம் பகுதியில் அமெரிக்க மிஷனரிமார் 1824இல் யாழ்ப்பாணத்து உடுவிலில் பெண்பிள்ளைகளுக்கு விடுதிப் பள்ளி ஆரம்பித்தபோது, பெண்ணுக்கு எதற்குப் படிப்பு என்று கேட்டவர்களே ஊரில் அதிகம். இவற்றையெல்லாம் நாம் பெருமையோடு சொல்கிறோம். அதே திருச்சபையின் விடுதிகளிலும் இல்லங்களிலும் பல நாடுகளில் பிள்ளைகள் சீரழிக்கப்பட்டதும், பெரியவர்கள் அதை மூடி மறைத்ததும் அதே அளவுக்கு உண்மை. ஒன்றைச் சொல்லி மற்றதை விடுவது நீதியாகாது.

இங்கே நடந்த ஒன்றையும் நீ அறியவேண்டும். நான் ஓய்வுநாட் பாடசாலையில் படிப்பித்துக்கொண்டிருந்த காலத்தில், தாய் குவைத்தில் வீட்டுவேலைக்குப் போயிருக்க அம்மம்மாவோடு வளர்ந்த ஒரு சிறுமி வருவாள். பாடம் முடிந்து எல்லாப் பிள்ளைகளும் ஓடிப்போன பின்பும் அவள் மட்டும் வேம்பின் கீழ் நின்று, கொப்பியின் மூலையை மடிப்பதும் விரிப்பதுமாக இருப்பாள். மெல்ல மெல்லத்தான் பேசினாள். பாடம் சொல்லிக் கொடுப்பதாகத் தன் வீட்டுக்கு அழைத்த ஒருவரைப் பற்றி அழாமலே சொன்னாள். அவர் சபையில் எல்லோரும் எழுந்து வணக்கம் சொல்லும் மனிதர். மூப்பர் ஒருவர் என்னிடம், "சபையின் பேர் கெட்டுப்போகும், நாங்களே பேசித் தீர்ப்போம்" என்றார். நானும் அந்த அம்மம்மாவும் மறுநாள் பிரதேச செயலகத்துக்குப் போய்ச் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரைக் கண்டோம். சபையில் சிலர் அதன்பின் பல மாதங்கள் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

அந்த மனிதரிடம் யாரும் ஒரு சான்றிதழும் கேட்டதில்லை. அவரை நம்பியதே அவருடைய சான்றிதழாக இருந்தது. ஆகவே உன்னிடம் கேட்கிறார்கள் என்றால், அது உன்னைப் பற்றியதன்று; உன்னைப் போலவே நல்லவராகத் தோன்றும் இன்னொருவர் நாளை அந்தக் கதவுக்குள் வரும்போது, அவரிடமும் முகம் சுளிக்காமல் கேட்பதற்கு வழி செய்வது அது. நல்லவர்கள் மனமுவந்து கொடுத்தால்தான் மற்றவர்கள் மறுக்கக் கூசுவார்கள்.

வன்னியில் இந்தப் பொறுப்பு இரட்டிப்பாகிறது என்று நினைக்கிறேன். 2009இல் முடிந்த போரில் தாயையோ தகப்பனையோ இழந்த பிள்ளைகள் எத்தனையோ பேர் இல்லங்களில் வளர்ந்தார்கள். இன்று கடன் தொல்லையால் தாய்மார் வெளிநாடு போக, பேரப்பிள்ளைகளை முதியவர்கள் பார்க்கிறார்கள். கேட்பதற்கு ஆளில்லாத பிள்ளையைத்தான் தீங்கு செய்பவன் தேடிப் பிடிக்கிறான். ஞானஸ்நான ஆராதனையில் பெற்றோர் மட்டுமல்ல, சபையாரும் அந்தப் பிள்ளைக்காக வாக்குக் கொடுக்கிறார்கள். ஞானஸ்நானம் பெறாத அயல்வீட்டுச் சைவப் பிள்ளைக்கும் அந்த வாக்கு உண்டு என்றே நான் எண்ணுகிறேன். இயேசு கைவைத்து ஆசீர்வதித்த பிள்ளைகளிடம் எந்தச் சமயம் என்று அவர் விசாரித்ததாக எங்கும் எழுதியிருக்கவில்லை.

பிரம்பைப் பற்றியும் கேட்டிருந்தாய். நீதிமொழிகளைக் காட்டி அடிப்பவர்கள் எபேசியர் 6:4ஐயும் வாசிக்கட்டும். பிள்ளைகளைக் கோபப்படுத்தவேண்டாம் என்று தகப்பன்மாருக்கே பவுல் எழுதினார். வகுப்பில் கை ஓங்காதே. அவ்வளவுதான்.

சான்றிதழுக்கு இந்தக் கிழமையே விண்ணப்பித்துவிடு. உங்கள் சபையின் சிறுவர் பாதுகாப்பு விதிகளின் பிரதியொன்றை வட்ஸ்அப்பில் எனக்கு அனுப்பு. தமிழில் எழுதி நம் சபையின் அடுத்த சேகரக் கூட்டத்தில் வைக்கப்போகிறேன். சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற உதவித் தொலைபேசி இலக்கத்தைப் பிள்ளைகள் கண்ணில் படும் உயரத்தில் ஓய்வுநாட் பாடசாலைச் சுவரில் எழுதவும் கேட்பேன். மூப்பர்மார் என்ன சொன்னார்கள் என்று அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன்.

அன்புடன்,
அம்மா