மூன்றாம் வகுப்புப் படித்த ஒரு தலைவரைப் பற்றி மகளுக்கு

அன்புள்ள பிள்ளைக்கு,

பிரதேச சபைத் தேர்தலில் நிற்கச் சொல்லி உன்னைக் கேட்கிறார்கள் என்றாய். கொம்மா “வேண்டாம்” என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டாள். பெண்களுக்கு 25 வீதம் ஒதுக்க வேண்டும் என்று சட்டம் வந்த பிறகு பட்டியலை நிரப்ப ஆள் தேடி அலைகிறார்கள், அதுதான் உன்னிடம் வந்திருக்கிறார்கள் என்பது அவளுடைய கதை. இருக்கலாம். பட்டியலில் இடம் எப்படிக் கிடைத்தால் என்ன, உள்ளே போய் நீ எதைக் கேட்கப் போகிறாய் என்பதுதான் எனக்கு யோசனை.

நீ ம.பொ.சி.யைக் கேள்விப்பட்டிருப்பாயோ தெரியாது. மயிலை பொன்னுசாமி சிவஞானம், தமிழ்நாட்டுத் தலைவர். 1906 இல் சென்னையில் ஓர் ஏழை வீட்டில் பிறந்தவர். பள்ளிக்கூடம் மூன்றாம் வகுப்போடு சரி. பிறகு வரதராஜுலு நாயுடு நடத்திய ‘தமிழ்நாடு’ பத்திரிகையில் அச்சுக்கோர்க்கிற வேலை.

என்னுடைய தொழில்! அந்த மனிதரில் எனக்குப் பிடிப்பு வந்ததே அதனால்தான். நீ பிறக்க முதலே பிரஸ் போய்விட்டது, கோர்க்கிறதை நீ பார்க்கவில்லை. முன்னால் சாய்வாக எழுத்துப் பெட்டி இருக்கும். இடக்கையில் எழுத்தை வரியாக அடுக்குகிற ஸ்டிக். வலக்கை பெட்டிக்கும் ஸ்டிக்குக்கும் இடையில் ஓடிக்கொண்டே இருக்கும். பழகினவனுக்குக் கண் தேவையில்லை, எந்த அறையில் எந்த எழுத்து என்று விரலுக்கே தெரியும். ஈய எழுத்தின் முகம் மாறி இருக்கிறபடியால் வரியைத் தலைகீழாக வைத்துத்தான் வாசிப்போம். எழுதினவர் ஒருதரம் எழுதியதை நாங்கள் எழுத்தெழுத்தாகத் திரும்ப எழுதுகிற மாதிரித்தான். நீட்டி முழக்கின வசனமென்றால் விரல் நோகும், வாயில் பேச்சும் வரும். ம.பொ.சி. நேராக, சுற்றி வளைக்காமல் எழுதினதற்கு இந்த வேலைதான் காரணம் என்பது என் கணிப்பு. பண்டிதர்மார் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், போகட்டும்.

1942 இல் ‘வெள்ளையனே வெளியேறு’ போராட்டத்தில் அவரைப் பிடித்து, எங்கோ வடக்கே அமராவதிச் சிறையில் கொண்டுபோய் அடைத்தார்கள். அங்கே பிடித்த வயிற்று நோய் பிறகும் அவரை விடவில்லை. சிலப்பதிகாரத்தை அவர் ஊன்றிப் படித்ததும் சிறையில்தான். வெளியே வந்து அதை மேடை மேடையாகக் கொண்டுபோனார். படித்தவர்களுக்குள் கிடந்த கண்ணகி கதையைச் சந்தைக்கு வருகிற சனமும் நின்று கேட்டது. ரா.பி. சேதுப்பிள்ளை அவருக்குச் ‘சிலம்புச் செல்வர்’ என்று பட்டம் கொடுத்தார். மூன்றாம் வகுப்புக்காரருக்குத் தமிழ்ப் பேராசிரியர் கொடுத்த பட்டம். 1966 இல் வள்ளலாரைப் பற்றி எழுதிய நூலுக்குச் சாகித்திய அகாதமிப் பரிசும் வந்தது.

வ.உ.சி.யையும் கட்டபொம்மனையும் பற்றி அவர் எழுதின பிறகுதான் அந்த இரண்டு பெயரும் வீட்டுக்கு வீடு போயின. கட்டபொம்மனைக் கொள்ளைக்காரன் என்றவர்களும் இருந்தார்கள். இவர் விடாமல் எழுதினார், பேசினார். இங்கே வன்னியை ஆண்ட நம்முடைய பண்டாரவன்னியனை நினைத்துப் பார். கட்டபொம்மனைக் கயத்தாற்றில் தூக்கிலிட்டது 1799 இல். நான்கு வருசம் கழித்து, 1803 இல், இவன் பிரிட்டிஷ்காரரிடமிருந்து முல்லைத்தீவுக் கோட்டையைப் பிடித்தான். அதே வருசம் ஒக்டோபர் 31 இல் கற்சிலைமடுப் பக்கம் அவர்களிடம் தோற்றான். அதற்கு நமக்கு இருந்த அடையாளம், கப்டன் வொன் டிரிபேர்க் இவ்விடத்தில் பண்டாரவன்னியனைத் தோற்கடித்தான் என்று பொறித்த கல். வென்றவன் பெயர் முன்னுக்கு, தோற்றவன் பெயர் பின்னுக்கு. அந்தக் கல்லும் பிறகு உடைந்தது.

சரி, அரசியலுக்கு வருகிறேன். 1946 இல் தமிழரசுக் கழகம் தொடங்கினார். 1952 கடைசியில் பொட்டி ஸ்ரீராமுலு தனி ஆந்திரா கேட்டு உண்ணாவிரதம் இருந்து இறந்ததும் ஆந்திரா பிரிவது உறுதியாயிற்று. சென்னைப் பட்டினமும் எங்களுக்கு வேண்டும் என்று ஆந்திரப் பக்கம் கேட்டது. “தலையைக் கொடுத்தேனும் தலைநகரைக் காப்போம்” என்று இவர் எழும்பினார். சென்னை தமிழ்ப் பக்கமே நின்றது. ஆனால் 1953 ஒக்டோபர் 1 இல் ஆந்திரா உருவானபோது சித்தூர் மாவட்டம் முழுதாக அந்தப் பக்கம் போய்விட்டது, திருப்பதியும் திருத்தணியும் அதோடு போயின. வேங்கடம் என்கிறது திருப்பதி மலைதான். வடவேங்கடம் தென்குமரி என்று எல்லை சொல்லிப் பழகின ஆட்களுக்கு எப்படி இருந்திருக்கும்!

அந்தப் பக்கத்துச் சனத்தைத் திரட்டினதில் மங்கலங்கிழார் என்ற ஆசிரியரையும் சொல்லவேண்டும். போராட்டம், மறியல், சிறை எல்லாம் நடந்தது. பிறகு படாஸ்கர் என்பவரை நடுவராக வைத்துப் பேசினார்கள். அவர் மாவட்டத்தையோ தாலுகாவையோ முழுதாகப் பார்க்கவில்லை, கிராமத்தை அலகாக வைத்தார். எந்த ஊரில் எந்த மொழிக்காரர் கூட, அந்த ஊர் எதோடு தொட்டுக்கொண்டு கிடக்கிறது என்று ஊர் ஊராகப் பார்த்தார்கள். 1960 ஏப்ரல் 1 இல் திருத்தணி தமிழ்ப் பக்கம் வந்தது. திருப்பதி வரவில்லை. கேட்டது வேங்கடம், கிடைத்தது தணிகை என்று நக்கலடிக்கலாம். திருத்தணிச் சனத்திடம் போய் அப்படிச் சொல்ல முடியாது.

அவரைப் பற்றிக் குறையும் சொல்லத்தான் வேண்டும். திராவிட நாடு கேட்டவர்களை மேடை போட்டு எதிர்த்தவர், 1967 இல் அதே தி.மு.க.வோடு சேர்ந்து தியாகராய நகரில் வென்றார். பிறகு எம்.ஜி.ஆர். காலத்தில் சட்ட மேலவைத் தலைவர். 1986 இல் எம்.ஜி.ஆர். அந்த மேலவையையே இல்லாமல் பண்ணினார், இவருடைய கதிரையும் போயிற்று. கட்சி மாறினவர் என்று ஏசினார்கள். எனக்கும் அது முழுக்கப் பிடிக்காது. ஆனால் மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் வைக்கவேண்டும் என்று முன்பிருந்தே கேட்டவர், 1967 இல் அந்தத் தீர்மானம் வந்த அன்று சபைக்குள் உறுப்பினராக இருந்தார். வெளியே நின்றிருந்தால் கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார்.

இனி நம்முடைய ஊர்க் கதை. மேற்குப் பக்க மேட்டுக்காணிகளுக்குள் ஒரு திணைக்களத்து ஆட்கள் வந்து எல்லைக்கல் நட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். கையில் காணிப் பெர்மிட் வைத்திருக்கிற சனத்தையே, போன வருசம் கச்சான் போட்ட நிலத்துக்குள் இறங்கக்கூடாதாம். விதானையாரிடம் போனால் மேலே போகச் சொல்கிறார், மேலே போனால் அடுத்த மாதம் வரச் சொல்கிறார்கள். காணி விசயம் பிரதேச சபையின் கையில் இல்லை, அது எனக்கும் தெரியும். ஆனால் சபையில் எழும்பி, இந்தக் கல் இன்னாருடைய காணிக்குள் இத்தனை அடி உள்ளே நிற்கிறது என்று படத்தை விரித்துச் சொல்லிக் கூட்ட அறிக்கையில் பதிய வைக்க இதுவரை ஒருவருமில்லை. நம்முடைய உறுப்பினர்மார் உரிமை என்று முழங்குவார்கள். எந்தக் காணி, யாருடைய பெர்மிட் என்று கேட்டால் வாய் திறக்க மாட்டார்கள்.

நிற்கிறதென்றால் இந்த ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு நில். றோட்டு லைட்டும் வடிகானும் தன்பாட்டில் வரும். எந்தக் கட்சி என்று நான் கேட்கவில்லை. கொம்மா கேட்பாள், அதற்கு நீயே பதில் வைத்துக்கொள்.

இன்னொன்று. கொழும்பில் இருக்கிறபோதே நில அளவைத் திணைக்களத்துக்குப் போய், நம்முடைய கிராமத்துப் பழைய அளவைப்படத்தின் பிரதி எடுக்க என்ன செய்யவேண்டும் என்று விசாரி. பெர்மிட் இலக்கங்களை நான் வீடு வீடாகப் போய்க் கொப்பியில் எழுதிக்கொண்டு வருகிறேன், பாதிக்கு மேல் முடிந்துவிட்டது. காலபோக விதைப்புக்கு முதல் ஒருதரம் வந்தாயென்றால் இரண்டையும் வைத்துப் பார்த்துவிடலாம்.

அன்புடன்
அப்பா