அந்த நீல வாளி: மருமகனுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள மருமகனுக்கு,

உன் மீன்கள் செத்து வருகிற வியாழனோடு ஒரு வருஷம். பதினொரு பள்ளத்தி, ஒரு நீல வாளி, ஐப்பசி மழை. நடந்ததை உனக்கு நான் திரும்பச் சொல்ல வேண்டாம். ஏன் நடந்தது என்பதைத்தான் இன்றுவரை சொல்லவில்லை. அதைச் சொல்லாமல் அடுத்த மீனை உன் கையில் தர எனக்கு மனசில்லை.

தரப்போகிறேன், மக்களே. முடிவு பண்ணியாச்சு. என் தொட்டியில் பொரித்த எட்டுக் குஞ்சுகள், ஒவ்வொன்றும் 3 சென்டிமீட்டர். ஞாயிற்றுக்கிழமை புதுக்கடையிலிருந்து அருமனைக்குக் கொண்டுவருகிறேன்.

வாளிக்கு முதலில் வருகிறேன். கொல்லம் பக்கம் அஷ்டமுடிக் காயலில் பிடித்த மீன். மழை கொட்டிய வாரம், காயலில் உப்பு குறைந்து கிடந்தது. பைத் தண்ணீரில், உப்பு அளக்கும் ஹைட்ரோமீட்டர் 1.002 காட்டியது. உன் தொட்டி 1.008. இவ்வளவு வித்தியாசம் இருந்தால் சொட்டுக் குழாய் போட்டு மெல்லப் பழக்கு என்று எவரும் சொல்வார்கள். நானும் சொன்னேன். பையை வாளியில் கவிழ்த்து, தொட்டியிலிருந்து டியூபை இறக்கி, முடிச்சுப் போட்டு, நொடிக்கு இரண்டு சொட்டு. காற்றுக் குமிழி விடும் ஏர் ஸ்டோனையும் வாளியில் போடு என்றேன். எல்லாவற்றையும் நீ நான் சொன்னபடியே செய்தாய்.

நாற்பதாவது நிமிஷம் போனைத் திருப்பிக் காட்டினாய். இருந்ததிலேயே பெரியது, விலாவில் கறுப்புத் திட்டோடு மஞ்சளாக இருந்ததே, அது சரிந்து நின்று வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது. "மாமா, மூச்சு வாங்குது" என்றாய். "பதறாதே, சொட்டட்டும்" என்றேன். நீ சொன்ன அந்த மூன்று சொல்லும் இந்த ஒரு வருஷமாக என் காதிலேயே இருக்கிறது. நீ கண்ணால் பார்த்தது சரி. நான் படித்துவைத்ததைச் சொன்னேன்.

நடந்தது இதுதான். கட்டிய பைக்குள் மீன் மூச்சுவிட விட கார்பன் டை ஆக்சைடு சேர்கிறது, அதனால் தண்ணீர் புளிப்பேறி அதன் பிஎச் இறங்குகிறது. கூடவே மீன் கழிக்கிற அம்மோனியாவும் சேர்கிறது. பிஎச் இறங்கியிருக்கும்வரை அந்த அம்மோனியாவில் பெரும்பகுதி மீனைக் கொல்லாத அம்மோனியமாக அடங்கிக் கிடக்கும். 28 டிகிரியில் பிஎச் 7 என்றால் நூற்றில் ஒரு பங்குகூட விஷமாக இருக்காது. பையைத் திறந்ததும் கார்பன் டை ஆக்சைடு ஓடிவிடும், பிஎச் ஏறும். பிஎச் 8-ல் அதே அம்மோனியாவில் நூற்றுக்கு ஆறு பங்கு விஷம். மீன் புதிதாக ஒன்றும் கழிக்காமலேயே விஷம் ஏறக்குறைய பத்து மடங்காகிறது. நாம் ஏர் ஸ்டோன் போட்டு அதை வேகப்படுத்தினோம். பிஎச் 8.2 உள்ள தொட்டித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து இன்னும் ஏற்றினோம். மீனை அந்த வாளிக்குள்ளேயே நிறுத்தியும் வைத்தோம்.

பள்ளத்தி, ஆறு கடலைச் சேரும் பொழிமுகத்து மீன். அங்கே மணல் அடைத்த பொழி உடைந்தால் சில மணி நேரத்தில் தண்ணீர் ருசி மாறிவிடும் இடத்தில் காலங்காலமாகப் பிழைத்துவருகிறது. உப்பு கொஞ்சம் கூடிக் குறைவதை அது தாங்கும். சொந்தக் கழிவு விஷமாவதைத் தாங்காது. நான் உப்பைப் பார்த்துப் பயந்து அம்மோனியாவை விட்டுவிட்டேன். என்னை மன்னித்துவிடு.

ஆனால் மருமகனே, அந்தப் பை பதினாலு மணி நேரம் கட்டிக் கிடந்தது என்று நீ எனக்கு அன்று சொல்லவில்லை. திருவனந்தபுரத்தில் ராத்தங்கினாய் என்பதே மூன்றாம் நாள்தான் தெரிந்தது. இரண்டு மணி நேரப் பை என்று நினைத்துத்தான் நான் பேசினேன். இரண்டு மணி நேரப் பைக்குச் சொட்டுக் குழாய் தப்பே இல்லை. இதைச் சொல்லிக் கை கழுவப் பார்க்கிறேன் என்று நினைக்காதே. கேட்டிருக்க வேண்டியவன் நான். இருந்தாலும் கல்யாண வீட்டில் பத்துப் பேர் நடுவில் "மாமா சொல்லித்தான் செத்துச்சு" என்று நீ சொன்னது சரியில்லை. உன் அம்மாவும் இதை வாசிப்பாள். அன்றைக்கு அதற்கு அப்புறம் நடந்த பேச்சை இங்கே எழுதவில்லை.

இனி ஞாயிற்றுக்கிழமைக்கு வருவோம்.

மீன் வருகிற தண்ணீரின் உப்புக்குத் தொட்டியைத் தயாராக்க வேண்டும். தொட்டியின் உப்புக்கு மீனை வாளியில் வைத்து இழுக்கக் கூடாது. போன வருஷமே போன் போட்டு அளவு கேட்டு, தொட்டியை 1.003-க்கு இறக்கி வைத்திருந்தால் மீனை நேரே விட்டிருக்கலாம். அப்புறம் வாரத்துக்கு 0.002 வீதம் ஏற்றியிருக்கலாம். என் குஞ்சுகள் இருப்பது 1.005-ல். நீ அனுப்பிய படத்தில் உன் தொட்டி 1.003. மூன்றடி நீளம், ஒன்றேகால் அடி அகலம், ஒன்றேகால் அடி உயரம். மணலும் கல்லும் போக 110 லிட்டர் என்று வை. 0.002 ஏற்ற, கடல்மீன் தொட்டிக்கென்று விற்கிற கடல் உப்பு 300 கிராம் போதும். இன்று 150, வியாழன் 150. தொட்டித் தண்ணீரையே ஒரு பக்கெட்டில் எடுத்து, முழுசாகக் கரைத்து, ஃபில்டர் தண்ணீர் விழும் இடத்தில் ஊற்று. ஒரே நாளில் எல்லாவற்றையும் போட்டால் ஃபில்டரில் இருக்கிற பாக்டீரியா தளரக்கூடும்.

கல்லுப்பு போடலாமா என்று நீ இரண்டு தடவை கேட்டாய். வேண்டாம். அது ஏறக்குறைய வெறும் சோடியம் குளோரைடு. கால்சியம், மெக்னீசியம், காரம் எல்லாம் அதில் மிகக் குறைவு. கடல் உப்பு வாங்கக் காசு இல்லையென்றால் கடல் தண்ணீரே எடு: ஒரு பங்குக்கு நாலு பங்கு நல்ல தண்ணீர் சேர்த்தால் லிட்டருக்கு 7 கிராம் உப்பு நிற்கும், அது கிட்டத்தட்ட 1.005. தேங்காய்ப்பட்டணம் துறைமுகத்துக்குள் மட்டும் எடுக்காதே, டீசல் மிதக்கும். மழை நாளில் ஆறு கலக்கும் பக்கமும் வேண்டாம், அளவு பொய் சொல்லும்.

ஹைட்ரோமீட்டர் முள்ளில் சின்னக் குமிழி ஒட்டினாலும் கூட்டிக் காட்டும். தட்டிவிட்டு இரண்டு தடவை பார். அதற்குப் பதில் உப்பு அளக்க ரிஃப்ராக்டோமீட்டர் வாங்கினால் கடல் நீருக்கான அளவு போட்டதாகப் பார்த்து வாங்கு. சுழியம் வைக்க மெக்கானிக் கடை பேட்டரித் தண்ணீர் போதும்.

அருமனையில் உன் கவலை உப்பைவிடக் கிணறு. வெட்டுகல் நிலத்துக் கிணறு, ரப்பர் தோட்டத்து அடியில். தண்ணீர் மென்மை, புளிப்பு. கடல் உப்பில் காரம் உண்டுதான், ஆனால் நாம் கடலில் இருப்பதில் ஐந்தில் ஒரு பங்கு உப்புதான் போடுகிறோம், காரமும் ஐந்தில் ஒரு பங்குதான் வரும். ஃபில்டர் வேலை செய்யச் செய்ய அதுவும் தீர்ந்து, ஒரு நாள் பிஎச் சடாரென்று விழும். 6-க்குக் கீழே போனால் அம்மோனியாவைத் தின்னும் பாக்டீரியா வேலையை நிறுத்திவிடும். கோழித்தீவனக் கடையில் சிப்பித்தூள் கேள், ஒரு கிலோ, கழுவி வலைப்பையில் கட்டி ஃபில்டருக்குள் போடு. மாதம் ஒரு தடவை எடுத்துத் தேய். வழுவழுப்பு படிந்தால் சிப்பி கரையாது. கேஎச் (தண்ணீரில் உள்ள காரத்தின் அளவு) 8 டிகிரிக்குக் குறையாமல் பார்த்துக்கொள். குறைந்தால் ஆப்பச்சோடா: 100 லிட்டருக்கு 3 கிராம் ஒரு டிகிரி ஏற்றும். ஒரு நாளில் ஒரு டிகிரிக்கு மேல் வேண்டாம்.

இப்போது தொட்டியில் இருக்கிற மோலி மீன்களை எடுக்காதே. அவற்றின் கழிவுதான் ஃபில்டர் பாக்டீரியாவுக்குச் சோறு, புதுக் குஞ்சுகளுக்கும் முன்னே நீந்துகிற மீனைப் பார்த்தால் பயம் தெளியும். பள்ளத்தி ஜோடி சேர்ந்தபிறகு மோலியைத் துரத்தும், அப்போது மாற்றலாம். ஒளிய இடம் வேண்டும்: பழைய கூரை ஓடு மூன்று, ஒன்றின்மேல் ஒன்று சாய்த்து. மரக்கட்டை போடாதே, அது பிஎச்சை இன்னும் இறக்கும்.

நான் சனிக்கிழமை முழுக்க அவற்றுக்குத் தீனி போடமாட்டேன். வயிறு காலியாக இருந்தால் பையில் கழிவு குறையும். இரண்டு பை, பைக்கு நாலு மீன், மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், மீதி காற்று. வந்ததும் கட்டு அவிழ்க்காமல் பதினைந்து நிமிஷம் தொட்டியில் மிதக்க விடு, சூடு சமமாகட்டும். அவிழ்த்ததும் வலையில் அள்ளி நேரே தொட்டிக்குள். பைத் தண்ணீர் ஒரு சொட்டும் உள்ளே போகக் கூடாது. அன்று விளக்கும் வேண்டாம், தீனியும் வேண்டாம். மறுநாள் கொஞ்சம் கொசுப்புழு. இரண்டு மூன்று நாள் மூலையில் நின்று தின்னாமல் இருந்தாலும் பரவாயில்லை. முதல் இரண்டு வாரம் தினமும் அம்மோனியா பார். நிறம் கொஞ்சம் மாறினாலே கால் பங்கு தண்ணீர் மாற்று, எனக்குப் போன் பண்ணாமலே மாற்று.

வாரத்துக்கு 22 லிட்டர் மாற்ற 154 கிராம் உப்பு; முந்தின நாளே கலக்கி வை. பஞ்சாயத்துக் குழாய்த் தண்ணீர் என்றால் ஆன்டி குளோரின் சேர்க்காமல் ஊற்றாதே. ஆவியாகிக் குறைவதற்கு மட்டும் உப்பில்லாத் தண்ணீர் ஊற்று. ஆவியில் தண்ணீர்தான் போகும், உப்பு அங்கேயே இருக்கும். உப்புத் தண்ணீராலேயே நிரப்பிவந்தால் மூன்று மாதத்தில் நீ நினைக்காத அளவுக்கு ஏறியிருக்கும்.

இரண்டு கரிமீனும் கூட விட வேண்டும் என்ற ஆசை உனக்கு இன்னும் போகவில்லை என்று தெரியும். பள்ளத்திக் குஞ்சுகள் கரிமீன் உடம்பில் ஒட்டுண்ணி பொறுக்கித் தின்னும் என்று 1972-ல் ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். அதை உனக்குச் சொல்லிக் கொடுத்ததும் நான்தான், ஆசையைத் தூண்டியதும் நான்தான். ஆனாலும் இந்தத் தொட்டியில் கூடாது. கேரளம் 2010-ல் மாநில மீனாக அறிவித்த மீன், சாதாரணமாகவே 20 சென்டிமீட்டர் வளரும், 40 வரைகூடப் போகும். மூன்றடித் தொட்டி அதற்குச் சிறை. இதில் நீ என்னிடம் முரண்டு பிடிக்காதே.

இந்த எட்டில் ஒரு ஜோடி சேரும். ஓட்டின் அடியில் முட்டையிட்டு இரண்டும் மாறி மாறிக் காவல் நிற்கும். குஞ்சு நீந்தத் தொடங்கியதும் தாய் தகப்பன் தோலில் ஊறும் வழுவழுப்பைக் கொத்திக் கொத்தித் தின்னும். பார்க்கிறவர்களுக்குக் குஞ்சு பெற்றவர்களைக் கடிப்பதுபோல இருக்கும். பிரித்துவிடாதே. அதுதான் அவற்றின் முதல் சாப்பாடு. என் தொட்டியில் அதை முதல் தடவை பார்த்தபோது உனக்குக் காட்டப் போனை எடுத்தேன். நீ பேசாமலிருந்த மாதம் அது. போனைத் திரும்ப வைத்துவிட்டேன்.

நீல வாளி இன்னும் இருந்தால் உப்பு கலக்க வைத்துக்கொள். டியூப் வேண்டாம். சனிக்கிழமை சாயங்காலம் ஹைட்ரோமீட்டர் 1.005 காட்டுகிற படமும், அம்மோனியா சுழியம் காட்டுகிற படமும் அனுப்பு. இரண்டும் வராமல் நான் பையைக் கட்டமாட்டேன்.

அன்புடன்,
மாமா